ஐந்து டெஸ்லா காந்தம் யார் வீட்டில் இருக்கிறது?

மாங்கனைட் என்ற காந்தப் பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கும். பூமி சூடாகிறது, ஃப்ரிட்ஜில் ஓடும் வாயுக்கள் கெடுதல், காந்தக் குளிரூட்டல் நல்லது, அதனால் இந்தப் பொருளைச் செய்தோம். முடிவும் ஒரே மாதிரிதான். 5 டெஸ்லா காந்தப்புலத்தில் இத்தனை ஜூல் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மாற்றம் கிடைத்தது, எனவே இது காந்தக் குளிரூட்டலுக்கு ஏற்ற பொருள். நடுவில் ஒரு எக்ஸ்ரே வரைபடம், ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், ஏறி இறங்கும் வளைகோடுகள் சில. இப்படி எழுதித்தான் நானும் பிஎச்.டி. வாங்கினேன். இப்போது தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், பிள்ளைகளும் என்னிடம் அதே தூளைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் நின்று கல்லெறிகிற ஆள் இல்லை நான்.

சொல்ல வந்தது ஒன்றுதான். மாங்கனைட் நல்ல பொருள். அதை நாம் தப்பான தராசில் நிறுத்து நல்ல பொருள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. காந்தம் இழுக்கும் சில பொருள்களைக் காந்தப்புலத்துக்குள் தள்ளினால் அவை கொஞ்சம் சூடாகும், வெளியே எடுத்தால் கொஞ்சம் குளிரும். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, உதட்டில் வைத்துச் சடாரென்று இழுத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தளர்த்தினால் சில்லென்று இருக்கும். இழுக்கும்போது ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காகின்றன. அங்கே குறைந்த ஒழுங்கின்மை வெப்பமாக வெளியே வருகிறது. காந்தப் பொருளில் ஒழுங்குக்கு வருபவை அணுக்களின் குட்டிக் காந்தங்கள். சூடாகும்போது அந்தச் சூட்டைத் தண்ணீரில் கழுவி விட்டுவிட்டு, பிறகு புலத்திலிருந்து வெளியே எடுத்தால், பொருள் தொடங்கிய வெப்பநிலைக்கும் கீழே போகும். அந்தக் குளிரை இன்னொரு தண்ணீர் எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் போகும். கம்ப்ரசரும் கேஸும் வேண்டாம்.

1917-இல் பியேர் வைஸும் ஒகுஸ்த் பிக்காரும் நிக்கலில் இதைக் கண்டார்கள். நிக்கல் தன் காந்தத்தன்மையை இழக்கும் 627 கெல்வின் அருகே, 1.5 டெஸ்லாவில், முக்கால் டிகிரிக்கும் குறைவான மாற்றம். காந்தத்தன்மை மறையும் அந்த வெப்பநிலைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர், விளைவு அதன் அருகில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு 1933-இல் அமெரிக்காவின் ஜியோக், கூட்டாளி மக்டூகலோடு சேர்ந்து, 61 கிராம் கடோலினியம் சல்பேட்டை வைத்து 0.25 கெல்வின் வரை இறங்கிக் காட்டினார். 1949-இல் நோபல் பரிசும் வந்தது. அதுவரை இது கடுங்குளிர் ஆய்வகத்துச் சமாச்சாரம். 1976-இல் நாசாவின் பிரவுன், கடோலினியம் உலோகத்தையும் 7 டெஸ்லா காந்தத்தையும் வைத்து அறை வெப்பநிலையிலேயே 47 டிகிரி வித்தியாசம் காட்டிய பிறகுதான் 'ஃப்ரிட்ஜ்' என்ற பேச்சே எழுந்தது. 1997-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கியும் ஷ்னைட்னரும் கடோலினியம், சிலிக்கான், ஜெர்மானியம் கலந்த ஒரு கலவையில் 'மாபெரும்' விளைவைக் கண்டார்கள். உலகம் முழுக்க எல்லோரும் உலையைப் பற்றவைத்தது அதற்குப் பிறகுதான்.

கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை சுமார் 293 கெல்வின், அதாவது 20 டிகிரி செல்சியஸ். இயற்கையே பார்த்து வைத்தது போல. ஆனால் விலை அதிகம், தண்ணீரில் அரிக்கும், தூய்மையாகக் கிடைப்பதும் லேசில்லை. மாங்கனைட் உள்ளே நுழைவது இந்த இடத்தில்.

மாங்கனைட்டை 1950-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கரும் வான் சான்டனும் செய்தார்கள். லாந்தனம், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் என்ற அமைப்புள்ள ஒரு படிகம். லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கால்சியமோ ஸ்ட்ரான்சியமோ போட்டால், மாங்கனீசு அயனிகளில் சில மூன்று மின்னூட்டத்திலிருந்து நான்குக்கு மாறும். இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, நடுவில் இருக்கும் ஆக்சிஜன் வழியாக, எலக்ட்ரான் தாவும். இரண்டின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால்தான் அந்தத் தாவல் சுலபம். 1951-இல் ஜீனர் சொன்ன விளக்கம் இது. எலக்ட்ரான் தாராளமாக ஓடவேண்டும் என்றால் எல்லாக் குட்டிக் காந்தங்களும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்தப் பொருளில் காந்தத்தன்மையும் மின்கடத்தலும் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

இதில் நமக்கு வேண்டிய வசதி என்னவென்றால், கியூரி வெப்பநிலையை நாமே வைத்துக்கொள்ளலாம். கால்சியம் மட்டும் போட்டால் 267 கெல்வின், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறு டிகிரி. ஸ்ட்ரான்சியம் மட்டும் என்றால் 370 கெல்வின் பக்கம், வெந்நீர்ச் சூடு. இரண்டையும் கலந்து இடையில் எந்த வெப்பநிலையிலும் நிறுத்தலாம். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தார் 2005-இல் இந்த வரிசை முழுவதையும் அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் வைத்த புலம் 1.2 டெஸ்லா. ஏன் அந்த எண் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களைப் போன்ற கல்லூரிகள் மாங்கனைட்டைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஏம்ஸ் கலவையைச் செய்ய ஆர்க் உலை வேண்டும், ஆர்கான் வாயு வேண்டும், தூய கடோலினியம் வேண்டும். மாங்கனைட்டுக்கு ஒரு மஃபிள் ஃபர்னஸ், ஒரு அகேட் கல்வம், பெல்லட் அழுத்த ஒரு டை, பொறுமை. அவ்வளவுதான். லாந்தனம் ஆக்சைடு, கால்சியம் கார்பனேட், மாங்கனீசு டை ஆக்சைடு மூன்றையும் நிறுத்து, அசிட்டோன் ஊற்றி மணிக்கணக்கில் அரைத்து, 900 டிகிரியில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, 1300 டிகிரி பக்கம் ஒரு நாள் வேகவைத்தால் கருப்பாக ஒரு வில்லை வெளியே வரும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். லாந்தனம் ஆக்சைடு காற்றில் இருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்துவிடும். டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே நிறுத்தால், லாந்தனத்தோடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்தீர்கள் என்று அர்த்தம். ஐப்பசி மழையில் எங்கள் ஆய்வகத்தில் இது இன்னும் மோசம். ஆயிரம் டிகிரியில் சுட்டு, சூடு ஆறும் முன் டெசிகேட்டரில் வைத்து, உடனே நிறுக்க வேண்டும். அடுத்தது ஆக்சிஜன். வில்லை எப்படி ஆறுகிறது என்பதைப் பொறுத்து ஆக்சிஜன் கூடும் குறையும், அதோடு நான்கு மின்னூட்ட மாங்கனீசின் விகிதமும் மாறும், கியூரி வெப்பநிலையும் நகரும். உலை ஆறும் நேரத்தில் கரண்ட் போய் வந்தால் அந்த வில்லைக்குத் தனியாக ஒரு ஜாதகம் எழுத வேண்டியதுதான். யுபிஎஸ்-இல் ஓடுகிற சாமான் இல்லை இது.

அளப்பதற்கு வெளியூர். காந்தத்தை அளக்கும் பெரிய கருவிகள் சென்னையிலோ பெங்களூரிலோ இந்தூரிலோ இருக்கின்றன. மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே குளிர்ந்த ஹீலியத்தில் மீக்கடத்திக் காந்தம் ஓடுகிறது. 5 டெஸ்லா, 7 டெஸ்லா, சில இடங்களில் 9 கூட. வெவ்வேறு வெப்பநிலைகளில் புலத்தை ஏற்றிக்கொண்டே போய்க் காந்தமாக்கத்தை அளப்பார்கள். அந்த எண்களை வாங்கி, மேக்ஸ்வெல் சமன்பாட்டில் போட்டு, நம் மேசையில் உட்கார்ந்தபடி என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிடலாம். கருவி 5 டெஸ்லா வரை போகிறது, அதனால் கட்டுரையிலும் 5 டெஸ்லா. இதற்குமேல் காரணம் எதுவும் இல்லை.

சரி, ஐந்து டெஸ்லா காந்தம் யார் வீட்டில் இருக்கிறது? மருத்துவமனை எம்ஆர்ஐ எந்திரமே பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடியது நியோடிமியம் நிலைக்காந்தம். அதை நேர்த்தியாக வட்டமாக அடுக்கினால் கையளவு இடைவெளியில் 1 முதல் 1.5 டெஸ்லா கிடைக்கும். ரிசோக்காரர்கள் 1.2-இல் நிறுத்தியது அதனால்தான். அந்தப் புலத்தில், கால்சியம் மட்டும் இருக்கும் மாங்கனைட்டில், அவர்கள் கண்ட வெப்பநிலை மாற்றம் சுமார் 2 டிகிரி. ஸ்ட்ரான்சியம் சேர்த்து அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அது ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. கடோலினியம் ஒரு டெஸ்லாவிலேயே இரண்டரை மூன்று டிகிரி கொடுக்கும்.

என்ட்ரோபி மாற்றத்தை மட்டும் பார்த்தால் மாங்கனைட் அவ்வளவு பின்தங்கியதாகத் தெரியாது. வெப்பநிலை மாற்றத்தில் மட்டும் ஏன் இப்படி விழுகிறது? மாங்கனைட் வாய்பாட்டில் ஐந்து அணுக்கள். லாந்தனம் இடத்தில் ஒன்று, மாங்கனீசு ஒன்று, ஆக்சிஜன் மூன்று. காந்த வேலை செய்வது மாங்கனீசு மட்டும். அது உண்டாக்கும் சூட்டை மற்ற நான்கும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கடோலினியம் உலோகத்தில் ஒவ்வொரு அணுவும் வேலைக்காரன். எண்ணில் சொன்னால், கிலோவுக்குக் கடோலினியத்தின் வெப்ப ஏற்புத்திறன் சுமார் 300 ஜூல், மாங்கனைட்டுக்கு 500, 600. என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி இதனால் வகுத்தால் கிடைப்பதுதான், கிட்டத்தட்ட, நாம் கையால் தொட்டு உணரக்கூடிய டிகிரி. வகுக்கும் எண் பெரியது, அதனால் விடை சிறியது. இந்த வகுத்தலைச் செய்யாமலே முடிந்துவிடும் கட்டுரைகள் ஏராளம்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது 'ஒப்பீட்டுக் குளிரூட்டும் திறன்' என்று போடும் எண்ணில். என்ட்ரோபி வளைகோட்டின் உயரத்தை அதன் அகலத்தால் பெருக்கினால் வருவது. சால்-ஜெல் முறையில், அதாவது கரைசலிலிருந்து, நானோ துகள்களாகச் செய்த மாங்கனைட்டில் உயரம் படுத்துவிடும், ஆனால் கோடு எழுபது எண்பது டிகிரிக்குப் பரந்து கிடக்கும். பெருக்கினால் பிரமாதமான எண் வரும். 'கடோலினியத்துக்கு நிகர்' என்று கட்டுரையின் சுருக்கத்தில் எழுதிவிடலாம். அந்தப் பொருளை எந்திரத்தில் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் டிகிரி கூட நகராது, தண்ணீரைத் தள்ளும் பம்பின் சூடே அதை விழுங்கிவிடும். அகலம் நல்லதுதான். உயரம் இல்லாத அகலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் என் மச்சான் ஃப்ரிட்ஜ் ஏசி மெக்கானிக். போன மாம்பழ சீசனில் ஒரு நாள் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்ட கேள்விகள் எந்த மதிப்பீட்டாளரும் என்னிடம் கேட்காதவை.

"கேஸ் கெடுதல்னு சொல்றீங்க மாமா. இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்ல எல்லாம் அறநூறு-ஏ தான். அம்பது கிராம் போட்டா முடிஞ்சுது. அதுல பூமிக்கு என்னா கெடுதல் ஆவும்?"

சரியான அடி. பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப்போல ஆயிரத்துச் சொச்சம் மடங்கு வெப்பமூட்டும் வாயு. 2016-இன் கிகாலி ஒப்பந்தம் அதன் வகையறாவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது, இந்தியாவும் 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் நெருங்கிய உறவு. தீப்பிடிக்கும் என்பது தவிரப் பூமிக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை, எங்கள் கட்டுரைகளின் முதல் பத்தி பழசாகிப்போய்விட்டது. காந்தக் குளிரூட்டலுக்கு இனி மிஞ்சியிருக்கும் வாதம் மின்சாரச் சிக்கனம். அதை எந்திரம் ஓட்டித்தான் காட்ட முடியும்.

"எத்தன வாட்டு இழுக்கும், எவ்ளோ கூலிங் குடுக்கும், அத்த சொல்லுங்க" என்றான் அடுத்து.

அதைச் சொல்வதற்கு எங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். மாம்பழத்துக்குக் குளிர் வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா ரக மாம்பழத்தில் பெரும்பகுதி கூழாலைக்குப் போகிறது. அங்கே வேண்டியது கொதிகலன். கிருமி நீக்கி அடைத்த கூழ் சாதாரணக் கிடங்கிலேயே நிற்கும். பழமாக வைக்க வேண்டுமானாலும் 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, தோல் கறுக்கும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. புளியை நிறம் மாறாமலிருக்கக் கோல்டு ஸ்டோரேஜில் வைக்கிறார்கள். ஓசூர் ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்குக் கிடங்கு கட்டினால் வாடகைக்கே விலை பத்தாது. விலை சரிந்த வாரத்தில் அது ரோட்டோரத்துக்குத்தான் போகும், காந்தம் வந்தாலும் அதுதான் கதி.

மிஞ்சுவது பால். கிராமத்துச் சொசைட்டியில் இருக்கும் பல்க் கூலரில் 500 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு மூன்று மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்று வையுங்கள். கிலோவுக்கு 3.9 கிலோஜூல், 31 டிகிரி. பெருக்கினால் சுமார் 62 மெகாஜூல், வகுத்தால் ஏறக்குறைய 6 கிலோவாட் குளிரூட்டல். ஒப்பிட்டுப் பார்க்க, தொண்ணூறுகளின் கடைசியில் ஏம்ஸ் ஆய்வகமும் அஸ்ட்ரோனாட்டிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து கட்டிய பேர்பெற்ற எந்திரம் மூன்று கிலோ கடோலினியத்தையும் 5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தத்தையும் வைத்து 600 வாட் கொடுத்தது. அதைப்போல் பத்து வேண்டும், ஒரு சொசைட்டிக்கு.

மச்சான் சிரிக்கவில்லை. "அப்ப சின்னதா ஏதாச்சும் பண்ணுங்க மாமா, மருந்து வெக்கற பெட்டி மாதிரி" என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தடுப்பூசிப் பெட்டிக்கு 2 முதல் 8 டிகிரி. வேண்டியது சில பத்து வாட். 275 முதல் 300 கெல்வின் வரை மாங்கனைட்டை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற வசதி இந்த இடத்தில் கைகொடுக்கும்.

ஒரு சுற்றுக்கு ஒரு டிகிரி என்றால் 30 டிகிரி வெளியிலிருந்து 4 டிகிரிக்கு எப்படிப் போவது? அதற்கு வழி இருக்கிறது. பொருளைப் படுக்கையாக அடுக்கி, அதன் ஊடாகத் தண்ணீரை முன்னும் பின்னும் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறி நிற்கும். படுக்கையின் ஒரு முனை சூடாகிக்கொண்டே போகும், மறுமுனை குளிர்ந்துகொண்டே போகும். ஆனால் கியூரி வெப்பநிலையை விட்டு விலகினால் விளைவு குறையும் அல்லவா? அதனால் சூட்டு முனையில் 300 கெல்வின் மாங்கனைட், நடுவில் 288, குளிர் முனையில் 278 என்று படிப்படியாக வைக்கலாம். கடோலினியத்தைக் கொண்டு இதைச் செய்ய வேறு உலோகங்களோடு உருக்கிக் கலக்க வேண்டும். மாங்கனைட்டில் நிறுக்கும்போது ஸ்ட்ரான்சியத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். தண்ணீர் அரிக்காது, ஏற்கெனவே ஆக்சைடு. காந்தப்புலம் மாறும்போது உலோகத்தில் ஓடும் சுழல் மின்னோட்டத்தின் சூடும் இங்கே அற்பம். லாந்தனம் மலிவு. நியோடிமியத்துக்காக மண்ணைப் பிரிக்கும்போது கூடவே மலையாக வந்து நிற்கும் தனிமம் அது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் கனிமத்திலும் இருக்கிறது.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மாங்கனைட் சூட்டைக் கடத்துவதில் மந்தம். சுற்றை வேகமாக ஓட்டினால் துகளின் உள்ளே இருக்கும் குளிர் வெளியே வருவதற்குள் காந்தம் திரும்பி வந்துவிடும். அதனால் துகள் சின்னதாக இருக்க வேண்டும், ரொம்பச் சின்னதானால் தண்ணீர் ஓடாது. இன்னொன்று, செலவு பொருளில் இல்லை. ஒரு கிலோ மாங்கனைட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு எடையில் நியோடிமியம் காந்தம் வேண்டும். மச்சான் இதைக் கேட்டிருந்தால் முதலில் இதைத்தான் பிடித்திருப்பான்.

கட்டுரைகளில், காந்தமாக்க அளவுகளிலிருந்தே வரையும் அராட் வரைபடத்தைப் போட்டு, 1964-இல் சுபீர் பானர்ஜி சொன்ன விதிப்படி சாய்வு நேர்க்குறியா எதிர்க்குறியா என்று பார்த்து, காந்தத்தன்மை மறையும் மாற்றம் முதல் வகையா (சட்டென்று நிகழ்வது) இரண்டாம் வகையா (படிப்படியாக நிகழ்வது) என்று முடிவுகட்டுவோம். (பானர்ஜி பாறைகளின் காந்தத்தன்மையை ஆராய்ந்தவர். ஃப்ரிட்ஜ்காரர்கள் இத்தனை பேர் தன்னை மேற்கோள் காட்டுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்.) பெரும்பாலும் அதைச் சடங்காகத்தான் செய்கிறோம். உண்மையில் அது படுக்கை கட்டும்போது உதவும். கால்சியம் மட்டும் உள்ளது முதல் வகை, உயரமும் குறுகலும். ஸ்ட்ரான்சியம் கூடினால் இரண்டாம் வகை, தாழ்வும் அகலமும். குறுகலான பொருளுக்கு அடுக்குகள் நிறைய வேண்டும், அகலமானதுக்குக் குறைவாகப் போதும்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் பென்னாகரத்துப் பெண்ணிடம், வெளியூர்க் கருவிக்கு அனுப்பும் முன் இங்கேயே வெப்பநிலை மாற்றத்தை நேராக அளந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். நியோடிமியம் கட்டிகள் இரண்டு, இரும்பு நுகத்தில் பொருத்தி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. வில்லையில் சின்னத் துளை போட்டு, வெப்பநிலை அளக்க மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி. ஐஸ் தண்ணீரும் வெந்நீரும் கலந்து வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வில்லையைச் சட்டென்று இடைவெளிக்குள் தள்ள வேண்டும். விரலை நடுவில் விடக் கூடாது, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வரக் கூடாது. "சார், ஒரு டிகிரி கூட வரலையே, இதை எப்படிப் போடறது?" என்று முதல் அளவைக் கொண்டுவந்து கேட்டாள். எந்தப் புலம் என்று பக்கத்தில் எழுதிப் போடும்மா, போதும் என்றேன்.

அடுத்த வேலை தூள். வில்லைகளை உடைத்து, அரை மில்லிமீட்டருக்கும் கீழே ஒரே அளவில் சலித்து, ஸ்ட்ரான்சியம் அளவு மாறும் மூன்று அடுக்காக அக்ரிலிக் குழாயில் நிரப்ப வேண்டும். தண்ணீரை முன்னும் பின்னும் தள்ள எதிரெதிரே இரண்டு சிரிஞ்சுகள் போதும் என்கிறாள் அவள். பொடி உதிர்ந்து வந்து வலையை அடைக்கும் என்பது என் கவலை. இன்னும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் வேகவைத்த வில்லையை உடைத்தால் துகள் உதிராமல் நிற்கும் என்று நினைக்கிறேன். உலை காலியாகட்டும் என்று காத்திருக்கிறோம்.